மார்புக் கட்டிக்குள் புழு: ஸ்கேனில் கண்டுபிடிப்பது எப்படி?

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் யானைக்கால் நோயைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் அந்த நோயைத் தரும் ஃபைலேரியா புழு மார்பின் நிணநீர்க் குழாயிலும் தங்கும் என்பது, புதிதாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பழகும் மருத்துவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. கட்டி என்று வருகிற பெண்ணோ புற்றுநோய்ப் பயத்தில் இரண்டு நாளாகத் தூங்காமல் வந்திருப்பார். புழு உயிரோடு இருந்தால் ஊசி குத்தாமலே விடை கிடைத்துவிடும்.

முதலில் பேசுங்கள். கட்டி எப்போது வந்தது, வலிக்கிறதா, அக்குளில் நெறி கட்டியதா, விட்டு விட்டுக் காய்ச்சல் வந்ததா என்று கேளுங்கள். இப்போது சென்னையில் இருந்தாலும் பிறந்து வளர்ந்த ஊரைக் கேட்டுவிடுங்கள். இந்தப் புழு உடம்புக்குள் பல வருடம் உயிரோடு இருக்கும்.

அடுத்து, படுக்க வைத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். 7.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள லீனியர் புரோப் (உடம்பில் வைத்துப் பார்க்கும் நேர்முனைக் கருவி) வேண்டும். ஜெல்லைத் தாராளமாக வைத்து, புரோபை லேசாக வையுங்கள். அழுத்தினால் விரிந்திருக்கும் நிணநீர்க் குழாய் நசுங்கிப்போய்க் கண்ணில் படாது. கெயினை (படத்தின் வெளிச்ச அளவை) அதிகம் ஏற்றிவிட்டால் நீருக்குள் பொய்ப் புள்ளிகள் வரும்.

கறுப்பாக, நீர் நிறைந்த குழாயோ கட்டியோ தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இதுதான் முக்கியமான இடம். கையை ஆட்டாமல் ஒரு நிமிடமாவது பாருங்கள். அவசரப்பட்டுப் புரோபை நகர்த்துகிறவர்கள்தான் புழுவைத் தவறவிடுகிறார்கள். மெல்லிய வெள்ளை இழைகள் நெளியும், சுருளும், திரும்ப நீளும். பெண் புழு 8 முதல் 10 செ.மீ. நீளம், தடிமனோ நூல் அளவுதான். 'ஃபைலேரியா நடனம்' என்று சொல்வது இந்த நெளிவைத்தான்.

சீழ்க்கட்டியிலும் துகள்கள் மிதக்குமே? சரி, மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். துகள் அடங்கும், புழு அடங்காது. அப்புறம் டாப்ளர் (அசைவைக் காட்டும் ஸ்கேன் முறை) போடுங்கள்: நாடித்துடிப்போடு சேராத, ஒழுங்கில்லாத அசைவு தெரியும். படம் மட்டும் போதாது, வீடியோவாகச் சேமியுங்கள். அக்குளையும் மறு மார்பையும் பார்த்துவிடுங்கள்.

வேறு ஒட்டுண்ணிகளும் உண்டு. நீர்க்கட்டியின் ஓரத்தில் ஒட்டிய ஒற்றை வெள்ளைப் புள்ளி, பன்றி நாடாப்புழுவின் இளம்பருவமாக இருக்கலாம். கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் இருந்தால் ஹைடாடிடை (நாய் நாடாப்புழுவின் இளம்பருவம் உண்டாக்கும் நீர்க்கட்டியை) நினையுங்கள். அதில் அவசரமாக ஊசி போடக் கூடாது. நீர் கசிந்தால் கடும் ஒவ்வாமை வரலாம்.

அசையும் புழுவைக் கண்டால் ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதி, இரவு நேர ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள். டி.இ.சி. என்ற ஃபைலேரியா மாத்திரையைச் சிகிச்சை தரும் மருத்துவர் முடிவு செய்வார். சிகிச்சைக்குப் பிறகு அதே இடத்தை மறுபடி ஸ்கேன் செய்து நெளிவு நின்றதா என்று பார்க்க வேண்டும். செத்த புழு அசையாது. சுற்றிலும் இறுகி, புற்றுநோய் போலவே தெரியும். அசைவில்லாத, விளிம்பு ஒழுங்கற்ற கட்டி என்றால், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் மேமோகிராமுக்கும் திசுப் பரிசோதனைக்கும் அனுப்பிவிடுங்கள்.