பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்

முதல் உலகப் போரில் பிரிட்டன் ராணுவத்தில் இருந்த முன்னோரைத் தேடுகிறீர்களா? பெயரைவிடப் படை எண்தான், அதாவது ராணுவம் சிப்பாய்க்குத் தந்த எண்தான், கைகொடுக்கும். வீட்டில் பழைய போர்ப் பதக்கம் கிடந்தால், விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துவிடாதீர்கள்!

சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் பெரும்பகுதி 1940 லண்டன் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதனால் கோப்பு கிடைக்கவில்லை என்றால் ஆளே இல்லை என்று அர்த்தமில்லை. யாருக்கு என்ன பதக்கம் என்று குறித்துவைத்த பதக்க அட்டைகள் தப்பிவிட்டன. பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடலாம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம் போதும், இலவசம்தான். உயிரோடு திரும்பியவர் பெரும்பாலும் அதில் இருக்கமாட்டார். அப்புறம், பெயரை நாலு விதமாக எழுதித் தேடுங்கள். எழுத்தர் பலர் காதில் விழுந்தபடியே எழுதிவைத்திருப்பார்கள்.