'பொருள்' என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எழுதுவது?

முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வுச் சுருக்கம் அண்மையில் என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. அதன் முதல் வரி, 'தி தீம் ஆஃப் திஸ் பேப்பர் இஸ் இரிகேஷன் டேங்க்ஸ்' என்றிருந்தது. இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் ஆங்கிலம் பழகிய காது 'தீம்' என்ற இடத்தில் இடறும். மாணவர் மனத்தில் 'கருப்பொருள்' என்று நினைத்து, அகராதியில் அதற்கு நேராகக் கண்ட சொல்லை எழுதிவிட்டார். இந்தத் தவற்றை அடிக்கடி காண்பதால், இத்தகைய சொற்களைத் தேர்ந்துகொள்ள நான் பின்பற்றும் வழியை இங்கே எழுதுகிறேன்.

ஒரு நூல் எதைப் பற்றியது என்பதைச் சொல்லத் தமிழில் 'பொருள்' என்ற ஒரே சொல் பெரும்பாலும் போதுமானது. நூலின் பாயிரத்தில் சொல்லப்பட வேண்டியவை என்று நன்னூல் அடுக்கும் எட்டில் 'நுதலிய பொருள்' என்பதும் ஒன்று. அந்த ஒரு பொருளை ஆங்கிலம் சப்ஜெக்ட், டாபிக், தீம், மேட்டர், இஷ்யூ, தீசிஸ், ஜிஸ்ட் என்று பல கூறுகளாக்கி வைத்திருக்கிறது. 1852இல் ரோஜே வெளியிட்ட தெசாரஸ் என்னும் சொற்களஞ்சியத்தைப் போன்ற நூல்கள் இத்தகைய சொற்களைக் கருத்து நெருக்கம் பற்றி ஓரிடத்தில் தொகுக்கின்றனவே ஒழிய, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வதில்லை.

ஆகவே அகராதியைத் திறக்குமுன், சொல்ல வந்ததைத் தமிழில் ஒரு வரியாக எழுதிப் பார்க்க வேண்டும். அது 'பாசன ஏரிகள்' என்பது போல வெறும் பெயராக நின்றால் சப்ஜெக்ட் அல்லது டாபிக். 'ஏரியைப் பராமரிக்க வேண்டியவர் யார்?' என்று இரு தரப்பு வாதிடத்தக்க கேள்வியாக வந்தால் இஷ்யூ. 'நீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டதால்தான் ஏரி வற்றியது' என்று மறுக்கவோ ஏற்கவோ கூடிய முழு வாக்கியமாக அமைந்தால் தீசிஸ். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

பெயராக நிற்கும் இரண்டையும் பிரித்தறிவதற்கு அவற்றின் பிறப்பு உதவுகிறது. சப்ஜெக்ட் என்பது லத்தீனில் 'அடியில் இடப்பட்டது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஒரு படைப்பு முழுவதும் எதன்மேல் நிற்கிறதோ அது சப்ஜெக்ட். டாபிக்கின் வேரோ 'இடம்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். வாதங்களைத் தேடிக் கண்டெடுக்கும் இடங்களை அரிஸ்டாட்டில் அப்பெயரால் குறித்தார். இன்றும் பேச்சோ கட்டுரையோ தங்கிச் செல்லும் ஓர் எல்லைக்குட்பட்ட இடமாகவே டாபிக் பெரும்பாலும் பயன்படுகிறது. ஒரு பாடத்திட்டத்தின் சப்ஜெக்ட் பருவநிலை மாற்றம் என்றால், அதில் மூன்றாம் நாள் பாடத்தின் டாபிக் கடல்மட்ட உயர்வு. வாழ்க்கை வரலாற்றுக்கோ உருவப்படத்துக்கோ உரிய மனிதரைச் சப்ஜெக்ட் என்றே சொல்ல வேண்டும். டாபிக் என்றால் பொருந்தாது. பேச்சை வேறு பக்கம் திருப்புவதற்கு 'சேஞ்ச் தி சப்ஜெக்ட்', பேச்சு தடம் மாறியதற்கு 'ஆஃப் டாபிக்', பத்தியின் மையக் கருத்தைச் சொல்லும் வரிக்கு 'டாபிக் சென்டென்ஸ்' என்பவை வழக்கில் உறைந்துவிட்ட தொடர்கள்; அவற்றை அப்படியே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

நம் பேச்சுத் தமிழும் இங்கே வழுக்கிவிடும். திரைத்துறையில் 'வில்லேஜ் சப்ஜெக்ட்' என்பதும் அச்சகத்தில் 'மேட்டர் வந்துவிட்டதா?' என்பதும் நமக்கு இயல்பானவை. ஆயின் முதலாவதை ஆங்கிலக் கட்டுரையில் எழுதினால் பிற நாட்டு வாசகருக்கு விளங்காது. 'கிராமத்தில் நிகழும் கதை' என்பதை ஆங்கிலத்தில் விரித்தே எழுத வேண்டும். எடுத்துக்கொண்ட சரக்கையும் அதைக் கையாண்ட விதத்தையும் பிரித்துப் பேசும்போது 'சப்ஜெக்ட் மேட்டர்' மிகவும் பயன்படும்.

தீம்தான் அதிகக் கவனம் வேண்டும் சொல். அதற்குக் 'கருப்பொருள்' என்ற மொழிபெயர்ப்பு நிலைத்துவிட்டது. ஆனால் அகத்திணை மரபில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை முதலியவற்றைக் குறிக்கும். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவையே உரிப்பொருள். தீம் என்ற சொல்லுக்கு உண்மையில் அருகில் நிற்பது உரிப்பொருளே என்பது என் உறுதியான எண்ணம். முல்லைத் திணைப் பாடல்களில் மழையும் பசுவும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றினூடே நாம் உணர்வது காத்திருத்தல். தீம் என்பதும் அவ்வாறு படைப்பினூடே ஓடி, வாசகரால் உணரப்படுவது.

ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். ஸ்காட்லாந்து மன்னனைக் கொன்று அரியணை ஏறியவனின் வீழ்ச்சி அதன் சப்ஜெக்ட். அடங்காத பதவி ஆசையும் அது மனச்சாட்சியை அரிப்பதும் தீம். இரத்தம், உறக்கமின்மை ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றனவே, அவை மோடிஃப். லேடி மேக்பெத் உறக்கத்தில் நடந்தபடி இல்லாத இரத்தக் கறையைக் கையிலிருந்து தேய்த்துக் கழுவ முயலும் காட்சியில் அவ்விரண்டும் ஒன்றுசேர்கின்றன. கண்ணால் காணவும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணவும் கூடியது மோடிஃப் என்றும், அதிலிருந்து உய்த்துணர்வது தீம் என்றும் கொண்டால் பெரும்பாலும் தவறாது.

எஞ்சியவை எளியவை. நீண்ட பேச்சின் சாரத்தைச் சில சொற்களில் தருவது ஜிஸ்ட்; வழக்கு எதன்மேல் நிற்கிறது என்பதைக் குறித்த நீதிமன்றத் தொடரிலிருந்து பிறந்த சொல் அது. இஷ்யூ என்பதைக் கோளாறு, தொல்லை என்ற பொருளில் எல்லா இடத்திலும் எழுதும் பழக்கம் பரவியிருப்பதால், விவாதத்துக்குரிய கேள்வி என்று உணர்த்த விரும்பும்போது எதைப் பற்றிய கேள்வி என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.

மாணவரின் வரிக்கு வருவோம். தீம் என்பதை எடுத்துவிட்டுச் சப்ஜெக்ட் என்று மாற்றினாலே பிழை நீங்கிவிடும். ஆனால் அந்தப் பெயர்ச்சொல்லே அங்கே தேவையில்லை. 'திஸ் பேப்பர் எக்ஸாமின்ஸ்' என்று வினையால் தொடங்கினால் ஏரிகள் தாமே சப்ஜெக்ட் ஆகிவிடுகின்றன. நான் அவ்வாறே திருத்தி, அடுத்த வரியில் 'இட் ஆர்க்யூஸ் தட்' என்று எழுதி, மேற்கொண்டு இடம் விட்டு அனுப்பினேன். வரத்துக்கால் பற்றிய தம் முடிவை அவர் அங்கே முழு வாக்கியமாக எழுதித் திருப்பியனுப்பினார். முதல் வடிவத்தில் அது நான்காம் பத்தியில் இருந்தது.