போர்வெல் மோட்டாரைத் தூக்கும் முன் மெக்கர் போடுங்கள்

"மோட்டார் எர்த் அடிச்சிருச்சுங்க, தூக்கணும்" என்று, அதாவது மோட்டாரில் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது என்று, யார் கூப்பிட்டாலும், குழாயைத் தூக்கும் செயின் பிளாக்குக்கு முன்னால் மெக்கரைத்தான் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வண்டியில் வைப்பேன். 400 அடி குழாயைக் கழற்றி மாட்டுவது சும்மாவா?

மெயினை ஆஃப் செய்யுங்கள். கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும். அதை இறக்காமல் கை வைக்காதீர்கள். அப்புறம் பேனலிலிருந்து போருக்குள் இறங்கும் மூன்று ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

காயிலுக்கு மல்டிமீட்டர் போதும். சிங்கிள் ஃபேஸில் ஒயர்களை இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். போன வாரம் ஒரு தென்னந்தோப்பில் 3, 7, 10 ஓம் வந்தது. சின்னது இரண்டையும் கூட்டினால் பெரியது வரணும். வந்தால் காயில் அறுபடவில்லை. 10 காட்டிய ஜோடியில் சேராத ஒயர்தான் காமன், இரண்டு காயிலுக்கும் பொதுவான ஒயர். இப்போதுதான் ஓடி நின்ற மோட்டார் என்றால் கொஞ்சம் கூடக் காட்டும். தாமிரத்தின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 40 டிகிரி சூடேறினால் 3 ஓம் கிட்டத்தட்ட 3.5 ஆகிவிடும். பயப்பட வேண்டாம்.

எர்த் பார்ப்பதில்தான் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துத் தொட்டு, சத்தம் வரவில்லை, மோட்டார் நல்லது என்பார்கள். சில ஆயிரம் ஓம் கசிவுக்கு பீப் வாய் திறக்காது. அதுவும் விடுவது சில வோல்ட்தான். ஈரமேறிய இன்சுலேஷன் அதைத் தாங்கிக்கொள்ளும். மெக்கர் 500 வோல்ட் டிசி விடும். இங்கே கணக்கு ஓமில் இல்லை, மெகா ஓமில். ஒரு மெகா ஓம் என்றால் பத்து லட்சம் ஓம்.

மூன்று ஒயரையும் முறுக்கி ஒரு கிளிப், எர்த்தில் இன்னொன்று. ஜிஐ (இரும்பு) குழாய் என்றால் துருவைச் சுரண்டிவிட்டு அதிலேயே பிடிக்கலாம். எச்டிபிஇ (பிளாஸ்டிக்) குழாயில் பிடித்தால் செத்த மோட்டாரும் நல்லதென்றே காட்டும், அந்தக் குழாயே இன்சுலேஷன்தானே. (தொழிலுக்கு வந்த புதிதில் நானும் பிடித்திருக்கிறேன்.) ஒரு நிமிஷம் மெக்கரை ஓட்டுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் தூக்கித்தான் ஆகணும். முடிந்ததும் ஒயரை எர்த்தில் தொட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உதறும்.

தூக்கியதும் ரீவைண்டிங்குக்கு ஓடாதீர்கள். ஜாயிண்டை வெட்டி, மோட்டாரையும் கேபிளையும் தனித்தனியாக மெக்கர் போடுங்கள். அந்தத் தோப்பில் முள் பூஜ்ஜியத்திலேயே படுத்துக் கிடந்தது. ஜாயிண்டைப் பிரித்தால் டேப்புக்குள் தண்ணீர், தாமிரம் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. தனியாகப் பார்த்ததில் மோட்டார் 50 மெகா ஓம். ஜாயிண்டை மட்டும் புதிதாகப் போட்டு, வாளித் தண்ணீரில் முக்கி இன்னொரு தடவை பார்த்துவிட்டு இறக்கினோம்.