திருத்தப்பட்ட சட்ட உரையைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடாளுமன்றம் ஒரு சட்டத்தைத் திருத்தினால், அந்தத் திருத்தத்தை முதன்மைச் சட்டத்தின் உரையில் சேர்த்து, அடிக்குறிப்பு போட்டு, இன்றைய தேதியில் சட்டம் எப்படி இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதுதான் எங்கள் வேலை. சேர்ப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். சரிபார்ப்புக்குப் புதிதாக வந்த இருவரின் பக்கங்களைச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை, விட்டுப்போன அடைப்புக்குறி, மாறிப்போன ஆண்டு எல்லாவற்றையும் நன்றாகவே பிடித்திருக்கிறார்கள். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த அதே தவறுகள் பக்கத்துக்குப் பக்கம் தெரிகின்றன. அவை கவனக்குறைவால் வருபவை அல்ல, சட்ட உரை என்றால் என்ன என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வருபவை. அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒப்புதல் கிடைத்த நாளையே அமலுக்கு வந்த நாள் என்று நினைப்பது

குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த நாள், அரசிதழில் வெளியான நாள், அமலுக்கு வந்த நாள் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சட்டம் எந்த நாளையும் குறிப்பிடாவிட்டால்தான், சட்டங்களை எப்படிப் பொருள்கொள்வது என்பதற்குப் பொது விதிகள் தரும் 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, ஒப்புதல் கிடைத்த நாளில் அது அமலாகும். ‘மத்திய அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் நாளில்’ என்று இருந்தால் அறிவிக்கை வரும்வரை உரையில் கை வைக்கக் கூடாது. வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள் குறிக்கலாம் என்றும் அந்தத் திருத்தச் சட்டமே சொல்லியிருக்கும். அந்த வரியைப் பலரும் படிப்பதே இல்லை.

அறிவிக்கை ஒருநாள் வந்துவிடும், இப்போதே சேர்த்து வைப்போம் என்று நினைப்பவர்கள் அரசமைப்பின் 22-ஆம் உறுப்பைப் பார்க்கட்டும். தடுப்புக் காவல் பற்றிய அந்த உறுப்பை 44-ஆவது திருத்தச் சட்டம், 1978 தன் 3-ஆம் பிரிவின் மூலம் மாற்றியது. ஆலோசனைக் குழுவின் கருத்து இல்லாமல் ஒருவரை வைத்திருக்கக்கூடிய காலம் மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைய வேண்டும். அதே திருத்தச் சட்டத்தின் பெரும்பகுதி 1979-இலேயே அமலுக்கு வந்துவிட்டது. 3-ஆம் பிரிவை அமல்படுத்தும் அறிவிக்கை மட்டும் வரவே இல்லை. அதனால் 22-ஆம் உறுப்பின் உரையில் இன்றும் மூன்று மாதம்தான். திருத்தம் அடிக்குறிப்பில் காத்திருக்கிறது.

புதிய சட்டங்களிலும் இப்படி உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சம்ஹிதா 1-7-2024 அன்று அமலுக்கு வந்தபோது, விபத்து நடத்திவிட்டு ஓடிவிடும் ஓட்டுநர்களைப் பற்றிய 106(2) உட்பிரிவை மட்டும் அறிவிக்கை விலக்கி வைத்தது. சட்டத்தின் பக்கத்தில் அது அச்சாகியிருக்கிறது என்பதாலேயே அமலில் இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே சேர்ப்பவர் ‘அமல் நாள்’ என்று ஒரு தேதி எழுதியிருந்தால், அது எந்த அறிவிக்கையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். எண்ணும் தேதியும் காட்டினால்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

சட்டத்தில் இருக்கும் பிழையை நாமே சரிசெய்துவிடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது. மற்றவற்றை மறுபதிப்பில் சரிசெய்துவிடலாம். இதைச் செய்தவர் தவறு செய்ததாகவே நினைக்க மாட்டார், அதனால் இது வெளியே தெரிவதே இல்லை.

புதியவர்களில் ஒருவரின் பக்கத்தில் ஒரு பிரிவு ‘(4)-ஆம் உட்பிரிவில் சொல்லப்பட்டபடி’ என்று இருந்தது. அரசிதழை எடுத்துப் பார்த்தேன். அங்கே ‘(3)-ஆம் உட்பிரிவு’. திருத்தச் சட்டம் நடுவே ஒரு உட்பிரிவைப் புகுத்தியதில் பழைய (3) இப்போது (4) ஆகிவிட்டது. ஆனால் அதைச் சுட்டும் இடத்தில் எண்ணை மாற்ற அது மறந்துவிட்டது. கேட்டேன். “நம்பர் தப்பா இருந்துச்சு சார், சரிபண்ணிட்டேன்” என்றார். நல்ல வேலை செய்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

அதே திருப்தி எனக்கும் இருந்தது ஒரு காலத்தில். ஒரு பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வரிச் சட்டம் ஒன்றின் புதிய பதிப்பில் இதே மாதிரி ஒரு எண்ணை மாற்றினேன், குறிப்பு எதுவும் போடவில்லை. இரண்டு ஆண்டு யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் ஒரு வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் புத்தகத்தைப் பார்த்து நீதிமன்றத்தில் அந்தப் பிரிவைப் படித்திருக்கிறார். எதிர்த்தரப்பு அரசிதழை நீட்டியிருக்கிறது. எண் வேறு. வழக்கு தள்ளிப்போனது. அவர் சத்தம் போடவில்லை. “இந்த வரியை நாடாளுமன்றம் எழுதுச்சா, நீங்க எழுதுனீங்களா?” என்று மட்டும் கேட்டார். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு எண்தானே என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கதை. என்.டி.பி.எஸ். சட்டம், 1985-இன் 27ஏ பிரிவு, சட்டவிரோதக் கடத்தலுக்குப் பணம் கொடுப்பவர்களையும் அதில் ஈடுபடுபவர்களுக்கு அடைக்கலம் தருபவர்களையும் தண்டிக்கிறது. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். எது சட்டவிரோதக் கடத்தல் என்பதற்கு, 2-ஆம் பிரிவின் ‘எட்டு-ஏ’ கூறில் உள்ள முதல் ஐந்து உட்கூறுகளை அது சுட்டியது. 2014-இல் ஒரு திருத்தம் வந்தது. ‘இன்றியமையாத போதை மருந்து’ என்ற புதிய வரையறை எட்டு-ஏ இடத்தைப் பிடித்தது. சட்டவிரோதக் கடத்தலின் வரையறை எட்டு-பி ஆனது. 27ஏ பிரிவை யாரும் தொடவில்லை. 1-5-2014 முதல் அது தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கூறைச் சுட்டிக்கொண்டிருந்தது. அங்கே அந்த ஐந்து உட்கூறுகளே கிடையாது.

குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் இதை எடுத்து வாதாடினார். பிரிவு சுட்டும் இடம் காலியாக இருக்கும்போது அதன்கீழ் என்மீது எப்படி வழக்குப் போட முடியும் என்பது அவர் கேள்வி. விஷயம் திரிபுரா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சட்டத்தைத் திருத்தும்படி 2021-இல் அந்த நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்தது, டிசம்பரில் திருத்தச் சட்டம் வந்தது. 27ஏ-இல் எட்டு-ஏ என்பது எட்டு-பி ஆனது, 1-5-2014 முதலே அப்படி இருந்ததாகக் கொள்ளும்படி. ஒருவர் ஒரு செயலைச் செய்த நாளில் அமலில் இருந்த சட்டத்தை மீறினால்தான் தண்டிக்கலாம் என்று அரசமைப்பின் 20(1) உறுப்பு சொல்கிறதே, அதனுடன் இது பொருந்துமா என்ற கேள்வியும் எழுந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 2014-இல் ஒரு பதிப்பாசிரியர் ‘தெளிவான தவறு’ என்று எட்டு-பி என மாற்றி அச்சிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் புத்தகத்தை வைத்திருக்கும் வழக்கறிஞருக்கு இந்த வாதம் தோன்றவே தோன்றாது. ஒருவருடைய பத்து, இருபது ஆண்டுச் சிறையைத் தீர்மானிக்கும் ஒரு ஓட்டையை, சட்டமியற்ற எந்த அதிகாரமும் இல்லாத ஒருவர் தன் மேசையிலேயே அடைத்துவிட்டதாக ஆகும்.

பிழை எங்கே பிறந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். நம் தட்டச்சில் பிறந்திருந்தால் உடனே திருத்துங்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அரசிதழ் அச்சில் பிறந்திருந்தால் அரசே பிழைதிருத்தம் வெளியிடும். அது வந்திருக்கிறதா என்று தேடுங்கள், வந்திருந்தால் அதன் தேதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டமியற்றியவர்களின் பிழை என்றால் உரை அப்படியே நிற்க வேண்டும். கீழே ‘அரசிதழில் இவ்வாறே உள்ளது; எட்டு-பி கூறைக் குறிப்பதாகத் தோன்றுகிறது’ என்று ஒரு அடிக்குறிப்பு போடுங்கள். சந்தேகத்தைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு, தீர்த்துவைக்கத்தான் உரிமை இல்லை.

திருத்தம் பின்தேதியிட்டு வரும்போது இன்னொரு சிக்கல். 27ஏ-க்கு வெறுமனே ‘1-5-2014 முதல்’ என்று அடிக்குறிப்பு எழுதினால், நடுவே ஏழு ஆண்டுகள் உரை வேறாக இருந்தது என்ற உண்மையே மறைந்துபோகும். எந்த ஆண்டின் சட்டம் திருத்தியது, என்ன சொல் இருந்தது, எந்த நாளிலிருந்து என மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும். 2016-இல் நடந்த ஒரு கைதை ஆராய்பவருக்கு இந்த மூன்றும் தேவைப்படும்.

சரிபார்ப்பவரின் பழக்கத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. சேர்ப்பவர் வண்ணமிட்டுத் தந்த மாற்றங்களை மட்டும் படிக்கிறோம். 27ஏ-இல் எந்த வண்ணமும் இருந்திருக்காது, ஏனென்றால் அங்கே எதுவும் மாறவில்லை. ஆகவே ஒரு கூறின் எண் மாறினால், பழைய எண்ணை அந்தச் சட்டம் முழுக்கவும், அட்டவணைகளிலும், அதன்கீழ் வந்த விதிகளிலும் தேடுங்கள். கிடைப்பதை மாற்றுவதற்காக அல்ல, குறிப்பு போடுவதற்காக.

காலியான எண்ணை நிரப்புவது

வேண்டாம். அரசமைப்பின் 19(1)-இல் சொத்துரிமை பற்றிய எஃப் கூறு 1979-இல் போனது, அடுத்திருந்த ஜி கூறு இன்றும் ஜி-தான்.

திருத்தச் சட்டம் நீக்கப்பட்டால் திருத்தமும் போய்விடும் என்று நினைப்பது

பழைய திருத்தச் சட்டங்களை அரசு அவ்வப்போது மொத்தமாக நீக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அவை செய்த மாற்றங்களை முதன்மைச் சட்டத்திலிருந்து உருவி எடுத்த ஒரு பக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 6ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. உரையை மாற்றிய ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும், வேறு எண்ணம் தெரியாதவரை, அது செய்த மாற்றம் தொடரும். திருத்தச் சட்டம் தன் வேலையை முடித்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். அடிக்குறிப்பில் அதன் எண்ணையும் ஆண்டையும் அழிக்காதீர்கள்.

பொருள்கொள்ளச் சொன்னதை உரையிலேயே மாற்றுவது

‘இந்தச் சொல்லுக்குப் பதிலாக அந்தச் சொல் வைக்கப்படும்’ என்பது உரையை மாற்றுகிறது. ‘இதைச் சுட்டுவது அதைச் சுட்டுவதாகப் பொருள்கொள்ளப்படும்’ என்பது படிக்கும் முறையை மட்டும் மாற்றுகிறது.

2024 ஜூலைக்குப் பிறகு இந்தத் தவறு அதிகமாகிவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சம்ஹிதா வந்ததும், வேறு சட்டங்களில் ‘இந்தியத் தண்டனைச் சட்டம் 302-ஆம் பிரிவு’ என்று இருக்கும் இடத்தில் ‘சம்ஹிதா 103-ஆம் பிரிவு’ என்று போட்டுவிடுகிறார்கள். நீக்கி மறுபடி இயற்றிய சட்டத்தைச் சுட்டுவது புதியதைச் சுட்டுவதாகவே கொள்ளப்படும் என்று ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அந்தந்தச் சட்டம் தனியாகத் திருத்தப்படும்வரை அதன் உரையில் பழைய பெயர்தான் இருக்கும். இணையான பிரிவு எது என்பதை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். பழைய சட்டத்தின் உரையையும் தூக்கி எறியாதீர்கள். 2024 ஜூன் 30 வரை நடந்த குற்றங்களுக்கு இன்னும் அதுதான் சட்டம்.

ஒரே அழுத்தில் எல்லா இடத்திலும் மாற்றுவது

1969-இல் ‘மெட்ராஸ்’ மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆனது. மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் பெயர் மாறவில்லை.

மாநிலத் திருத்தத்தைப் பொது உரையில் கலப்பது

இந்து திருமணச் சட்டத்தில் சுயமரியாதைத் திருமணங்களுக்கான 7ஏ பிரிவு 1967-ஆம் ஆண்டின் மாநிலத் திருத்தம். அந்தத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு உரியது. அதை மாநிலப் பெயரோடு தனியாகக் காட்டாமல் 7-க்கும் 8-க்கும் நடுவே வைத்தால், அது நாடு முழுவதற்கும் பொருந்துவது போல் ஆகிவிடும்.

நீதிமன்றம் செல்லாது என்றதும் அழிப்பது, அல்லது குறிப்பை யாரும் பார்க்காத இடத்தில் போடுவது

நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாது என்று சொன்னால் அது செயலிழக்கும், ஆனால் உரையிலிருந்து மறையாது. நீக்குவது சட்டமன்றத்தின் வேலை. தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவை 1983-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டமே நீக்கப்பட்ட 2024 வரை அந்தப் பிரிவு புத்தகத்தில் இருந்தது.

அதற்காகச் சின்ன எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு போட்டால் போதும் என்று இருக்க முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 24-3-2015 அன்று செல்லாது என்றது. ஆறு ஆண்டுகள் கழித்தும் அதன்கீழ் வழக்குகள் பதிவாகின்றன என்று அதே நீதிமன்றத்தின் முன் சொல்லப்பட்டபோது நீதிபதிகள் அதிர்ந்துபோனார்கள். அப்போதைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் சொன்ன காரணம் எங்கள் வேலையைப் பற்றியது: புத்தகத்தில் பிரிவு அப்படியே இருக்கிறது, செல்லாது என்பது அடிக்குறிப்பில் இருக்கிறது, வழக்குப் பதிவு செய்யும் காவல் அதிகாரி பிரிவைப் பார்க்கிறார், குறிப்பைப் பார்ப்பதில்லை. பிரிவின் எண்ணுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் அதைச் சொல்லிவிடலாம் என்றும் அவர் யோசனை சொன்னார்.

நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். எண், தலைப்பு, உடனே அடைப்புக்குறிக்குள் ‘உச்ச நீதிமன்றத்தால் செல்லாது என அறிவிக்கப்பட்டது, 24-3-2015’. அதற்குக் கீழேதான் பிரிவின் உரை. தீர்ப்பு முழுப் பிரிவுக்கா, ஒரு பகுதிக்கு மட்டுமா என்பதையும் அந்த அடைப்புக்குறிக்குள்ளேயே எழுதச் சொல்கிறேன்.