ஸ்விங் டான்ஸுக்காக ஊர் சுற்றிய வருடம்: டிசம்பரில் கணக்குப் பார்ப்பது எப்படி?

சென்னையில் லிண்டி ஹாப் (ஸ்விங் ஜாஸ் பாட்டுக்கு ஜோடியாக ஆடும் ஆட்டம்) பழகத் தொடங்கும் பலர் முதல் வருடத்திலேயே வெளியூர் கிளம்பிவிடுகிறார்கள். பெங்களூரில் ஒரு வார இறுதி வொர்க்‌ஷாப், மும்பையில் ஒரு சோஷியல் (வகுப்பில்லாமல் சும்மா ஆடும் கூட்டம்), ஆபீஸ் வேலையாக டெல்லி போனால் அங்கேயும் ஒரு ராத்திரி. இது நல்ல பழக்கம். உள்ளூரில் அதே சிலரோடு ஆடிக்கொண்டிருந்தால் அடுத்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று உடம்பே மனப்பாடம் செய்துவிடும். முன்பின் தெரியாத ஒருவரோடு ஆடும்போதுதான் உங்கள் லீட் (ஜோடியை வழிநடத்துவது) தெளிவாக இருக்கிறதா, ஃபாலோ (அதைப் பின்தொடர்வது) நிஜமாகவே கேட்டு நகர்கிறதா என்பது தெரியவரும்.

ஆனால் ஆட்டம் தேறுவது இரண்டு பயணங்களுக்கு நடுவே வரும் வாரங்களில்தான். எதைத் தேற்ற வேண்டும் என்பதை மட்டுமே பயணம் காட்டும். அதைக் குறித்து வைக்காவிட்டால் அடுத்த ஊரிலும் அதே தப்போடு போய் நிற்போம், காசும் போகும். அதனால் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி நேரம் ஒதுக்கி, கீழே உள்ளபடி செய்யுங்கள். லீட், ஃபாலோ இருவருக்கும் இது பொருந்தும்.

படி 1: ஆதாரங்களைச் சேருங்கள்

நினைவை நம்பி எழுத வேண்டாம். ரயில் டிக்கெட் ஹிஸ்டரி, யுபிஐ ஸ்டேட்மென்ட், வொர்க்‌ஷாப் பதிவு மெயில்கள், போனில் இருக்கும் வீடியோக்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வீடியோவில் இரண்டு வகை உண்டு. வகுப்பு முடிவில் ஆசிரியர்கள் ஆடிக்காட்டும் ரீகேப் ஒன்று. நீங்களே சோஷியலில் ஆடும்போது யாரோ எடுத்தது இன்னொன்று. பெரும்பாலானவர்கள் போனில் முதல் வகைதான் நிறைந்திருக்கும். உங்களைத் திருத்தப்போவது இரண்டாவது வகை. ஒன்றுகூட இல்லையென்றால், அடுத்த வருடம் ஒவ்வொரு ஊரிலும் ஒரு முழுப் பாட்டையாவது நண்பரிடம் எடுக்கச் சொல்லுங்கள். கூட ஆடுபவரிடம் முதலில் அனுமதி கேட்டுவிட வேண்டும்.

படி 2: செலவை மணிக்கணக்கோடு சேர்த்து எழுதுங்கள்

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. பாஸ், போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடும் ஆட்டோவும், எடுத்த லீவு நாட்கள், வகுப்பு மணி நேரம், சோஷியலில் ஆடிய பாட்டுகள். இவ்வளவு போதும்.

கடைசி நெடுவரிசைதான் முக்கியம். ஹாலில் நான்கு மணி நேரம் இருந்தோம் என்பது கணக்கில்லை. ஒரு பாட்டு சராசரியாக மூன்று நிமிடம். உதாரணத்துக்கு ஒரு பெங்களூர் வார இறுதியை எடுத்துக்கொள்வோம்: வகுப்பும் சோஷியலும் சேர்ந்த முழு பாஸ் 7,000, ரயில் போக வர 2,200, தங்க 4,000, மற்றவை 2,800. மொத்தம் 16,000 ரூபாய். மூன்று ராத்திரியும் சேர்த்து 45 பாட்டு ஆடினால் தரையில் இருந்தது 135 நிமிடம்தான். பாட்டுக்கு 356 ரூபாய். அதே ஊருக்கு சோஷியல் பாஸ் மட்டும் 2,500 கொடுத்துப் போய், பகலில் நன்றாகத் தூங்கி, 55 பாட்டு ஆடினால், மற்ற செலவெல்லாம் சேர்த்து 11,500 ஆனாலும் பாட்டுக்கு 209 ரூபாய்.

வகுப்பு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வகுப்பில் கற்றதில் இன்றைக்கும் எது உடம்பில் இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். எட்டு மணி நேர வகுப்பிலிருந்து ஒரே ஒரு விஷயம் நின்றிருந்தாலும் அந்தப் பணம் வீணில்லை. ஒன்றுமே நிற்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: உங்கள் நிலைக்கு மேலான லெவலில் சேர்ந்தீர்கள், இரவு மூன்று மணி வரை ஆடிவிட்டு காலை பதினொரு மணி வகுப்பில் அரைத்தூக்கத்தில் நின்றீர்கள், அல்லது ஊர் திரும்பி இரண்டு நாளுக்குள் ரீகேப் வீடியோவைப் பார்த்து ஒரு முறையாவது ஆடிப் பார்க்கவில்லை. மூன்றாவதுதான் அதிகம் நடப்பது, சரிசெய்ய எளிதானதும் அதுதான்.

படி 3: உங்கள் ஸ்விங் அவுட்டை மூன்று முறை பாருங்கள்

நேரம் அதிகம் பிடிக்கும் படி இது. அவசரப்பட வேண்டாம்.

ஸ்விங் அவுட்தான் லிண்டி ஹாப்பின் அடிப்படை மூவ், எட்டு கவுண்ட் (எட்டு தாளம்). லீடுக்கு 1, 2 ராக் ஸ்டெப் (ஒரு காலைப் பின்னால் வைத்து மறுபடி முன்காலுக்கு வருவது); 3&4 ட்ரிபிள் (இரண்டு தாளத்தில் மூன்று மிதிப்பு); 5, 6 இரண்டு நடை; 7&8 ட்ரிபிள். ஃபாலோ 1, 2-ல் முன்னோக்கி வருகிறார், 3&4-ல் இருவரும் நெருங்கிச் சேர்கிறார்கள், 5, 6-ல் சுழற்சி, 7&8-ல் விலகிப் போகிறார்.

முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு, பாதி வேகத்தில், பாதங்களை மட்டும் பாருங்கள். ட்ரிபிளில் மூன்று மிதிப்பும் தனித்தனியாக விழுகின்றனவா? வேகமான பாட்டில் முதலில் காணாமல் போவது அந்த நடு மிதிப்பு. ராக் ஸ்டெப்பில் பாதம் இடுப்புக்கு வெகு பின்னால் போகிறதென்றால் உடம்பு பின்னால் சாய்ந்திருக்கும். 3-க்கு முன்னால் வர நேரம் போதாது, கை இழுத்துச் சமாளிக்கும்.

இரண்டாம் முறை இடுப்பை மட்டும் பாருங்கள். லிண்டி ஹாப்பின் உயிர் அந்த மெல்லிய, தொடர்ந்த கீழ்நோக்கிய துடிப்பு. வகுப்பில் இதைப் பல்ஸ் என்பார்கள். அது எந்தக் கவுண்டில் நிற்கிறது என்று தேடுங்கள். தெரியாத மூவ் வரும் இடத்தில் மூச்சும் பல்ஸும் சேர்ந்தே நின்றுபோயிருக்கும்.

மூன்றாம் முறை உங்களைப் பார்க்காமல் கூட ஆடுபவரைப் பாருங்கள். நீங்கள் லீட் என்றால், 5-ல் அவர் தோள் முன்னால் வெட்டி இழுபடுகிறதா என்று கவனியுங்கள். இழுபட்டால் நீங்கள் உடம்பை நகர்த்தாமல் கையால் அனுப்புகிறீர்கள். நீங்கள் ஃபாலோ என்றால், லீட் 4-ல் வந்து சேர்வதற்குள் நீங்கள் திரும்ப ஆரம்பித்துவிடுகிறீர்களா? அப்படியென்றால் கேட்காமல் ஊகித்து ஆடுகிறீர்கள். உள்ளூரில் தெரிந்தவர்களோடு மட்டும் ஆடுவதால் வரும் பழக்கம் இது.

பிறகு ஒலியைப் போட்டு வேகத்தை அளந்துகொள்ளுங்கள். 15 விநாடியில் எத்தனை தாளம் என்று எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வரும். 120 முதல் 140 வரை நிதானம், 160-180 நடுத்தரம், 200-க்கு மேல் வேகம். எந்த எண்ணில் உங்கள் ட்ரிபிள் உடைகிறது என்று எழுதுங்கள். அடுத்த வருடப் பயிற்சிக்கு அந்த ஓர் எண்தான் தொடக்கப்புள்ளி.

ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு எட்டு எண்ணுவது கைவந்த கலை. அழுத்தம் விழும் இடம்தான் வேறு. ஆதியில் தட்டு 1, 5, 7-ல். ஸ்விங்கில் கைதட்டுவது 2, 4, 6, 8-ல். முதல் தாளத்தில் தட்டும் பழக்கத்தோடு ஆடினால் உடம்பு கனமாகத் தெரியும். இன்னொன்று: ஆறு கவுண்டில் முடியும் மூவும் உண்டு, அதுவும் எட்டு எட்டாகப் போகும் பாட்டும் 24-ல்தான் மறுபடி சேரும். நான்கு ஆறு, மூன்று எட்டு. வரிசையாக ஆறு கவுண்ட் மூவ் ஆடிக்கொண்டே போய், பாட்டு புது வரி எடுக்கும்போது நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால் காரணம் இந்தக் கணக்கு. பன்னிரண்டு பார் (ஒரு பாருக்கு நான்கு தாளம்) ப்ளூஸ் பாட்டு என்றால் ஒரு சுற்று 48 தாளம், ஆறு எட்டு. வீடியோவில் ஒரு சுற்றை எண்ணி, அதன் தொடக்கத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பாருங்கள்.

படி 4: யாரோடு ஆடினீர்கள்?

ஒவ்வொரு பயணத்திலும் தோராயமாக எத்தனை பேர் புதியவர்கள் என்று எழுதுங்கள். பெங்களூர் வரை போய், பாதிக்கு மேல் சென்னைக்காரர்களோடேயே ஆடியிருந்தால் அது நல்ல சுற்றுலா, அவ்வளவுதான். தயக்கம் இயல்பானது. முதல் மணி நேரத்தில், கூட்டம் சேர்வதற்குள், மூன்று புதியவர்களைக் கேட்டுவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் வகுப்பில் ஜோடி மாறி மாறி உங்களோடு ஆடியவர்களைக் கேட்பது இன்னும் சுலபம். ‘ஆடலாமா?’ என்று நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள், காரணம் கேட்கக் கூடாது. ஆடும்போது நடுவில் கற்றுக்கொடுப்பதும் கூடாது. சோஷியல் வகுப்பறை இல்லை.

படி 5: காலும் காலணியும்

வருடம் முழுக்க எங்கே வலித்தது என்று பயண வாரியாக எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் தரையோடு பொருந்தி வரும். ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, அந்த முறுக்கை முழங்கால்தான் வாங்கும். இதற்குத் தீர்வு சாதாரண கேன்வாஸ் ஷூவில் ஸ்வேட் தோல் ஒட்டிக்கொள்வது.

பெரியமேட்டுத் தோல் கடைகளில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்வேட் துண்டு கேளுங்கள். ஷூவின் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். ஆழமான கோடுகள் இருந்தால் ஒட்டாது. உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, தூசியைத் துடையுங்கள். காகிதத்தில் பாத வடிவம் வரைந்து, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தோலை வெட்டுங்கள். விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டாம் நாளே உரியும். சொரசொரப்பான பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையை ஷூவிலும் தோலிலும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, அதன் பிறகு ஒட்டி, சுத்தியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. உள்ளே பசை காயாமல் தோல் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். புதியவர்கள் குதிகாலில் ரப்பரை அப்படியே விட்டு, முன்பாதத்துக்கு மட்டும் ஒட்டினால் நிற்க ஒரு பிடி இருக்கும்.

இந்த ஷூவைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது. ஒரு முறை மழைநீர் பட்டால் தோல் இறுகி வழவழப்பாகிவிடும். கம்பி பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்தால் ஓரளவு மீளும். தரை கவ்வுகிறது என்று பவுடர் தூவவே வேண்டாம், பக்கத்தில் ஆடுபவர் வழுக்கி விழுவார்.

வியர்வைக்கு ராத்திரிக்கு மூன்று சட்டை, ஒரு துண்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க ஒரு ஓஆர்எஸ் பாக்கெட். சென்னை வெயிலில் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 6: அடுத்த வருடத்துக்கு மூன்றே பயணங்களைத் தேர்ந்தெடுங்கள்

பட்டியலைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஒன்று வகுப்புக்காக, ஒன்று சோஷியலுக்காக, ஒன்று தூரமாக. மூன்றுக்கு மேல் போனால் நடுவில் பயிற்சிக்கு வாரங்கள் மிஞ்சாது.

வகுப்புப் பயணத்துக்குப் பதிவு திறந்த நாளே பணம் கட்டுங்கள். லீட், ஃபாலோ எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்பதால் ஒரு பக்கம் நிரம்பினால் காத்திருப்புப் பட்டியல்தான். லெவல் சந்தேகமாக இருந்தால் கீழே உள்ளதில் சேருங்கள். தெரிந்த மூவைச் சுத்தமாக ஆடக் கற்பது எப்போதும் லாபம். ரயிலுக்கு 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும், காலண்டரில் அந்தத் தேதியையும் போட்டு வையுங்கள். தவறினால் முந்தின நாள் காலை தத்கால், ஏசிக்கு 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி.

தூரப் பயணம் என்றால் இரண்டு வழி. கேம்ப் (தங்கி ஆடிக் கற்கும் முகாம்) வேண்டுமானால் ஸ்வீடனில் ஹெராங் இருக்கிறது. 1982-ல் தொடங்கியது, ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஒரு சிறிய கிராமத்தில் ஜூலையில் வாரக்கணக்கில் நடப்பது. நியூயார்க்கின் ஹார்லெமில் சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கில் ஆடி வளர்ந்த ஃப்ராங்கி மேனிங் அங்கே பல வருடம் வந்து கற்பித்தார். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏப்ரல், மே மாதங்களில் கோடை விடுமுறைக் கூட்டம் சேரும் என்பதால் பிப்ரவரி, மார்ச்சிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். கேம்ப் வேண்டாம், ஆடினால் போதும் என்பவர்களுக்கு சியோல். உலகின் மிகப் பெரிய லிண்டி ஹாப் கூட்டங்களில் ஒன்று அங்கே இருக்கிறது, வாரநாட்களிலும் ஆட இடம் கிடைக்கும். தனியாக நிகழ்ச்சி தேடிப் போக வேண்டியதில்லை. முதல் வருடம் முடித்தவர்களுக்கு எங்கள் சிபாரிசு இரண்டாவதுதான். அங்கே புதிய முகங்களுக்குப் பஞ்சமில்லை, தூங்கவும் நேரம் கிடைக்கும்.

படி 7: நடுவில் உள்ள வாரங்கள்

படி 3-ல் கிடைத்த தப்புகளில் ஒன்றை மட்டும் எடுத்து, வாரம் மூன்று நாள், பதினைந்து நிமிடம். ட்ரிபிள் உடையும் வேகத்துக்குப் பத்து குறைவான பாட்டில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஐந்து கூட்டுங்கள். வீட்டு ஹால் டைல்ஸ் போதும். கீழ்வீட்டுக்காரர்கள் இருந்தால் ராத்திரி ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடி சொரசொரப்பானது, அங்கே ஸ்வேட் ஷூ ஒரு மாதம் தாங்காது, பழைய கேன்வாஸே சரி.

ஞாயிறு ராத்திரி பெங்களூர் மெயிலில் ஏறினால் அதிகாலையில் சென்ட்ரலில் இறங்கலாம். திங்கட்கிழமை மதியம் வரையாவது லீவு போட்டு, ரீகேப் வீடியோவை அன்றைக்கே பாருங்கள்.