சுண்ணாம்புக் காளவாயில் பாடிய நாலு வரி

வீட்டுக்காரர் போன பிறகு மாவு மில்லின் மேல் வாங்கிய கடன் முழுக்க என் தலையில் விழுந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வரும். நெஞ்சு படபடக்கும், வாய் காய்ந்துபோகும். அப்போது எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு தேவாரம். அதை நான் படிக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

அப்பர் பாடியது, ஐந்தாம் திருமுறை. பல்லவ மன்னன் ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோது உள்ளிருந்து பாடினார் என்கிறது பெரியபுராணம். குற்றமில்லாத வீணை இசை, மாலை நிலா, வீசும் தென்றல், இளவேனில், வண்டு மொய்த்து ரீங்கரிக்கும் குளம், இவை போன்றது என் அப்பன் ஈசனின் திருவடி நிழல் என்பதுதான் பொருள்.

முதலில் கையால் எழுதுங்கள். நான் மில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பாக்கியைப் பார்த்துப் பயந்தால் நோட்டைத் திருப்பினாலே போதும்.

பிறகு வாய்விட்டு, மெதுவாகப் படியுங்கள். வரிகள் தொடங்குவதைப் பாருங்கள்: மா, வீ, மூ, ஈ. நாலும் நெடில். இழுத்துச் சொன்னால் மூச்சும் நீளமாக வெளியே போகும். மூன்றாம் தடவையிலேயே எனக்குப் படபடப்பு அடங்கிவிடும்.

அடுத்து ஒவ்வொரு சொல்லாக நில்லுங்கள். வீணை காதுக்கு, நிலா கண்ணுக்கு, தென்றல் உடம்புக்கு. வேனிலை நான் மூக்குக்கு வைத்துக்கொள்வேன்; பண்ருட்டியில் சித்திரை வைகாசி என்றால் தெருவெல்லாம் பலாப்பழ வாசனைதான். பொய்கை, காய்ந்த நாக்குக்குத் தண்ணீர். எனக்கு வீணை பழக்கமில்லை. திருவதிகைக் கோயிலில் கேட்ட ஓதுவார் குரலை அந்த இடத்தில் வைக்கிறேன். நீங்களும் உங்களுக்குத் தெரிந்ததையே வையுங்கள்.

இனிதான் முக்கியம். பாட்டில் காளவாய் எங்கே? சூடு என்ற சொல்லே இல்லை. என்னை வெளியே எடு என்ற வேண்டுதலும் இல்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு இது பட்டது. ஏழு நாளும் கதவு திறக்கவில்லை, ஆனாலும் மனுஷர் நிழலில் இருந்திருக்கிறார். அதனால் 'நீழலே' என்றதும் நிறுத்திவிடுங்கள். கடன் அடையணும் என்று அப்போது வேண்டாதீர்கள். காலையில் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்ளலாம். பயம் வந்தால் துரத்த வேண்டாம், அதுவும் அங்கேயே உட்காரட்டும். 'எந்தை' என்றால் என் அப்பா. அப்பா காலடியில் ஒண்டிக்கொண்ட குழந்தை எதையும் கேட்காமல் இருக்குமே, அப்படி இருங்கள்.

ஆரம்பத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். ராத்திரிக்குப் பத்துப் பதிகம் என்று கணக்கு வைத்தேன். முடிக்காத நாளில் அதுவே இன்னொரு பாக்கியாகிவிட்டது. ஒரு பாட்டு போதும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் டாக்டரையும் பாருங்கள். சூலை நோய் என்கிற கடுமையான வயிற்று வலி வந்தபோது அப்பரே அக்கா திலகவதியாரிடம் போய் நின்றவர்தான்.

கடன் இன்னும் இருக்கிறது. நோட்டின் அந்தப் பக்கம் மாவு படிந்து, விரல் பட்டுப் பட்டு மங்கிவிட்டது. போன வாரம்தான் பக்கத்துத் தாளில் மறுபடி எழுதினேன்.