சுமோ போட்டியைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

ஜப்பானின் சுமோ மற்போரை முதன்முறையாகப் பார்ப்பவர்கள், மல்லர்கள் உப்பைத் தூவுவதும் எதிரெதிரே குந்தி முறைத்துவிட்டு மோதாமலே மூலைக்குத் திரும்புவதுமாக நேரம் கழிவதைக் கண்டு சலித்து, கண்ணை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். மோதலோ பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. முற்காலத்தில் இந்த ஆயத்தத்துக்குக் கால வரம்பே கிடையாது. வானொலி ஒலிபரப்பு தொடங்கிய 1928ஆம் ஆண்டில்தான் வரம்பு வந்தது. இன்று உயர்நிலைப் பிரிவில் அது 4 நிமிடம். எனவே மல்லரின் கையில் துண்டு கொடுக்கப்படும் தருணத்தைக் கவனியுங்கள்: நேரம் முடிந்தது, அடுத்த முறை குந்தியதும் மோதல் உறுதி என்பதற்கு அதுவே அடையாளம். அதற்கு முன்னரே மோதல் தொடங்குவதும் உண்டு என்றாலும் அது அரிது.

நேரில் காண விரும்புவோர் டோக்கியோவின் ரியோகோக்கு அரங்குக்கு ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் செல்லலாம். ஒவ்வொரு தொடரும் 15 நாள் நடக்கும். புகழ்பெற்றவர்கள் மாலையில்தான் களமிறங்குவார்கள் என்றாலும், காலையிலேயே சென்று இளம் மல்லர்களின் ஆட்டங்களைப் பாருங்கள். அப்போது கூட்டம் குறைவு, 4.55 மீட்டர் விட்டமுள்ள அந்த மண்களத்தில் கால்கள் அழுந்தும் விதத்தை நிதானமாகக் கவனிக்க முடியும்.